கூண்டில் ஏறும் விஞ்ஞானம்

பெங்களூர் ரிச்மண்ட் ரோட்டில் 81ஆம் எண் பங்களா. 1994 மார்ச் மாதக் கடைசி. முற்றத்துத் தரையைப் பெயர்த்துத் தோண்டினார்கள். போலீஸ், மாஜிஸ்திரேட், டாக்டர், சாட்சிகள் என்று ஒரு சின்னக் கூட்டம் சுற்றி நின்றது. வீடியோ கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அது அபூர்வம். மண்ணுக்குள்ளிருந்து ஒரு நீளமான மரப்பெட்டி வெளிப்பட்டது. பெட்டிக்குள் ஓர் எலும்புக்கூடு.

யாருடையது என்பதில் அங்கே இருந்த யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் மிர்ஸா இஸ்மாயிலின் பேத்தி ஷாகிரா. 1991 மே மாதக் கடைசிக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. தாயைக் காணாத மகள், 1992 ஜூனில் அசோக் நகர் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தார். ஷாகிராவின் இரண்டாவது கணவர் முரளி மனோகர் மிஸ்ரா. சுவாமி சிரத்தானந்தா என்று பெயர் வைத்துக்கொண்டவர். மனைவி வெளியூர் போயிருக்கிறார், வெளிநாடு போயிருக்கிறார் என்று அவர் ஆளுக்கொரு பதில் சொல்லிவந்தார். கடைசியில் மத்திய குற்றப் பிரிவு போலீஸ் அவரைக் கைது செய்தது. இடத்தைக் காட்டியவரும் அவரே. மோதிரங்களையும் வளையல்களையும் பார்த்து ஷாகிராவின் தாய் அடையாளம் சொன்னார்.

ஊருக்கு இது போதும். கோர்ட்டுக்குப் போதாது. மோதிரம் கைமாறலாம், வளையல் இரவல் போகலாம். பெட்டியில் கிடந்தவர் ஷாகிராதான் என்பதை எலும்பே சொல்ல வேண்டும். எலும்புக்கு வாய் கிடையாது. அதன் சார்பில் பேச ஒருவர் கூண்டில் ஏற வேண்டும். மண்டை ஓட்டின் படத்தையும் ஷாகிரா உயிரோடு இருந்தபோது எடுத்த புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு எலும்புகள் போயின. அங்கே டி.என்.ஏ. சோதனை நடந்தது. இந்திய நீதிமன்றங்களுக்கு அந்த மூன்று எழுத்து அப்போதுதான் அறிமுகமாகிக் கொண்டிருந்தது. மாமிசமெல்லாம் மண்ணாகிப்போன ஒரு பெண்ணுக்கு விஞ்ஞானம் பெயரைத் திருப்பிக் கொடுத்தது.

2005 மே மாதம் பெங்களூர் செஷன்ஸ் கோர்ட் மரண தண்டனை விதித்தது. அதே வருஷம் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் 2007ல் இரண்டு நீதிபதிகளுமே குற்றவாளிதான் என்றார்கள். தண்டனையில்தான் பிரிந்தார்கள். நீதிபதி கட்ஜு தூக்கு என்றார், நீதிபதி சின்ஹா ஆயுள் என்றார். 2008 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், சாகும்வரை வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை என்று முடித்தது. தூக்குக்கும் பதினான்கு வருஷத்துக்கும் இடையில் ஒரு மூன்றாவது தண்டனையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். அந்தப் பாடத்துக்கு அடியில் கிடக்கிற எலும்புகளைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

சாட்சி என்ற சொல்லுக்குக் கண்ணால் கண்டவர் என்பதே பொருள். கோர்ட்டிலும் விதி அதுதான். பார்த்ததைச் சொல், கேட்டதைச் சொல், உன் அபிப்பிராயம் வேண்டாம். பால்காரர் சாட்சி சொல்லும்போது, 'அவன்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன்' என்று ஆரம்பித்தால் எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்துவிடுவார். ஒரே ஒரு ரக சாட்சிக்கு மட்டும் இதில் விலக்கு. அவர் சம்பவ இடத்தில் இருந்ததில்லை. எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் 'நினைப்பதை' கோர்ட் கேட்டுக்கொள்கிறது. நிபுணர் சாட்சி.

1872ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவு கொடுத்த உரிமை அது. அயல்நாட்டுச் சட்டம், விஞ்ஞானம், கலை, கையெழுத்து, கைரேகை ஆகியவற்றில் தனித் தேர்ச்சி உள்ளவரின் கருத்து ஏற்கத்தக்கது என்றது அந்தப் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 39ஆவது பிரிவு. 'வேறு எந்தத் துறையும்' என்று கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் நிபுணரின் கருத்து வெறும் கருத்துதான். தீர்ப்பு சொல்லும் வேலை நீதிபதியுடையது. நிபுணர் தன் முடிவை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடக்கூடாது, எந்த அளவுகோலை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதை நீதிபதியின் கையில் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது.

ஏட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. கூண்டில் நடப்பது என்ன?

ஒரு சாதாரணக் கத்திக்குத்து வழக்கை எடுத்துக்கொள்ளலாம். பிரேதப் பரிசோதனை செய்த அரசு டாக்டர் கூண்டில் நிற்கிறார். ஒரு வருஷத்துக்கு முன் அறுத்த உடல். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான உடல்களைப் பார்த்துவிட்டார். கையில் அன்றைக்கு எழுதிய ரிப்போர்ட் மட்டும். வக்கீலின் மேஜையில் மோடி. பிரதமர் அல்ல, ஜெய்சிங் மோடி எழுதிய மருத்துவச் சட்ட நூல். 1920ல் முதல் பதிப்பு கண்ட அந்தத் தடித்த புத்தகத்தைக் காட்டாமல் இந்தியாவில் குறுக்கு விசாரணை நடப்பது அபூர்வம்.

"டாக்டர், இந்தக் காயம் சான்றுப் பொருள் ஒன்றான கத்தியால் ஏற்பட்டிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்?"

"ஆமாம்."

"இதே அகலமுள்ள வேறொரு கத்தியாலும் ஏற்பட்டிருக்கலாம்?"

"ஏற்பட்டிருக்கலாம்."

"கீழே கிடந்த உடைந்த கண்ணாடிமேல் விழுந்தால்?"

"இந்த ஆழத்துக்கு வராது. விளிம்பும் இவ்வளவு நேராக இருக்காது."

மூன்று கேள்வி, மூன்று பதில். நிபுணர் சாட்சியத்தின் முழு நியாயமும் இதற்குள் இருக்கிறது. முதல் பதில் அரசுத் தரப்புக்குப் பயன்படும். இரண்டாவது எதிர்த்தரப்புக்கு. மூன்றாவதை எந்தத் தரப்பும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது டாக்டரின் படிப்பிலிருந்து வந்தது. காரணத்தோடு வந்தது. நல்ல நிபுணர் மூன்றையும் ஒரே குரலில் சொல்வார். அரசுச் சம்பளம் வாங்குகிறவர் என்பதால் முதல் பதிலை உரக்கவும் இரண்டாவதை முணுமுணுப்பாகவும் சொல்லமாட்டார்.

பெங்களூர் கோர்ட்டுகளில் இதற்கு மேல் ஒரு சங்கடம் உண்டு. டாக்டரின் ரிப்போர்ட் ஆங்கிலத்தில். கோர்ட்டின் மொழி கன்னடம். கூண்டில் நிற்கிற குற்றம் சாட்டப்பட்டவர் அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ தமிழ் மட்டும் பேசி வளர்ந்தவராக இருக்கலாம். அல்லது கட்டட வேலைக்காகத் தர்மபுரியிலிருந்து வந்தவராக இருக்கலாம். தனக்கு எதிரான சாட்சியம் தனக்குப் புரிகிற மொழியில் விளக்கப்பட வேண்டும் என்பது அவருக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கொடுக்கிற உரிமை. அதனால் யாரோ ஒருவர் மொழிபெயர்க்கிறார். தமிழ் தெரிந்த ஜூனியர் வக்கீல், கோர்ட் ஊழியர், யார் கிடைக்கிறாரோ அவர்.

மொழிபெயர்ப்பாளரின் கையில்தான் நிபுணரின் சொல் வழுக்குகிறது. நிபுணர்கள் பேசுவது ஒரு தனி ஆங்கிலம். காயம் கத்தியோடு 'பொருந்துகிறது', அந்த வாய்ப்பை 'மறுப்பதற்கில்லை', 'பெரும்பாலும்', 'ஏறக்குறைய'. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எடை. தமிழில் இந்த எடைகளுக்குப் படிக்கற்கள் இல்லாமல் இல்லை. 'லாம்' என்று முடிந்தால் ஐயம். 'ஏ' என்று அழுத்தினால் உறுதி. தேற்ற ஏகாரம் என்று இலக்கண ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டது பரீட்சைக்கு மட்டும் அல்ல. 'கத்தியால் ஏற்பட்டிருக்கலாம்' என்பதை 'கத்தியாலேயே ஏற்பட்டது' என்று அவசரத்தில் சொல்லிவிட்டால், ஒரு மனிதனின் ஆயுள் அந்த ஒற்றை ஏகாரத்தில் தொங்குகிறது. அதைக் கேட்டுத் தலையாட்டியவன், தான் எதற்குத் தலையாட்டினோம் என்பதை ஜெயிலில்தான் தெரிந்துகொள்வான். 'அவன்தான்' என்பதற்கும் 'அவனாக இருக்கலாம்' என்பதற்கும் உள்ள தூரத்தை அளந்து காட்டத்தான் நிபுணரைக் கூப்பிடுகிறார்கள். அந்தத் தூரத்தை மொழிபெயர்ப்பில் தொலைத்துவிட்டால் அவர் வந்தும் வராததுபோல.

தமிழர்களுக்கு நிபுணர் சாட்சி புதிதல்ல. 1952 ஆகஸ்டில் சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறியது. மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணன் இரண்டையும் ஆராய்ந்து ஒரே ஆளுடையவை என்றார். ராணுவத்தில் வேலை பார்த்தபோது பதிவான கைரேகை, இறந்தவர் ஆளவந்தார் என்று சொன்னது. அந்த வழக்கு விசாரணைக்கு வந்தபோது சென்னையில் ஊரே திரண்டு கோர்ட் வாசலில் நின்றது. பேனா விற்பனையாளர் ஆளவந்தாரின் பெயர் எழுபது வருஷம் கழித்தும் நினைவில் இருக்கிறது. பேராசிரியரின் பெயரைப் பலர் மறந்துவிட்டார்கள்.

ரிச்மண்ட் ரோட்டில் ஷாகிரா மறைந்த அதே 1991 மே மாதம், 21ஆம் தேதி இரவு, ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. சிதறிக் கிடந்த துணி, கம்பி, சதை ஆகியவற்றிலிருந்து நடந்ததைத் திருப்பிக் கட்டியெழுப்பியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். குண்டு வைக்கப்பட்டது அல்ல, ஒரு பெண்ணின் உடம்பில் கட்டப்பட்டிருந்தது என்பதை எச்சங்களே சொல்லின. மூன்று மாதம் கழித்துச் சிவராசனும் கூட்டாளிகளும் பிணமாகக் கிடைத்தது பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில்.

அந்த வழக்கு நிபுணர் சாட்சியத்தின் பலத்தையும் எல்லையையும் சேர்த்தே காட்டியது. வெடித்த பெல்ட்டில் ஒன்பது வோல்ட் பேட்டரி இருந்தது என்பதை விஞ்ஞானம் சொல்ல முடியும். பேட்டரி வாங்கிக் கொடுத்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது எதற்கென்று தெரியுமா என்பதை எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. அந்த இடத்தில் பேரறிவாளனின் ஒப்புதல் வாக்குமூலம்தான் பேசியது. எதற்கு வாங்கினோம் என்பது தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013ல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையானார். ஆளுநரின் தாமதம் முதலான காரணங்களால் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்திக் கொடுத்த விடுதலை அது. நிரபராதி என்ற தீர்ப்பு அல்ல. எப்படி நடந்தது என்பதை விஞ்ஞானம் சொல்லும். மனசுக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது.

மனசுக்குள் இருப்பதையும் சொல்ல வைக்கிறோம் என்று ஒரு காலத்தில் பெங்களூர் கிளம்பியது. நிபுணர் சாட்சியத்தின் கதையில் இந்த நகரத்தின் இரண்டாவது அத்தியாயம் அது. அவ்வளவாகப் பெருமைப்பட முடியாத அத்தியாயம்.

மடிவாளாவில் கர்நாடக அரசின் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. 2001 வாக்கில், வீரப்பன் தொடர்பான வழக்கு ஒன்றில் அதன் நிபுணர்கள் நார்கோ பரிசோதனையைத் தொடங்கினார்கள். ஆபரேஷன் தியேட்டரில் படுக்கவைத்து, சோடியம் பெண்டதால் என்ற மயக்க மருந்தை அளவாக ஏற்றி, அரைத் தூக்கத்தில் கேள்வி கேட்பார்கள். பொய் சொல்லக் கற்பனை வேண்டும், மருந்து கற்பனையைத் தூங்க வைத்துவிடும், மிச்சம் வருவது உண்மை என்பது கணக்கு. முத்திரைத்தாள் மோசடியில் தெல்கி, கேரளத்தின் சிஸ்டர் அபயா வழக்கு, டெல்லியை அடுத்த நொய்டாவில் ஆருஷி வழக்கு. நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் போலீஸார் தங்கள் ஆட்களை ரயிலிலும் விமானத்திலும் பெங்களூருக்குக் கூட்டிவந்தார்கள். ஒரு காலத்தில் பட்டுப் புடவைக்கும் பின்னர் கம்ப்யூட்டருக்கும் பெயர் வாங்கிய ஊர், 'உண்மை ஊசி'க்கும் பெயர் வாங்கியது. மருந்து மயக்கத்தில் தெல்கி உளறியதை 2006ல் டெலிவிஷன் சேனல்கள் வரவேற்பறைக்கே கொண்டுவந்தன.

அதில் ஒரு விசித்திரம் இருந்தது. அந்தப் பேச்சு சாட்சியமாகச் செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நிபுணர் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு நின்று, தன் முறையின் பிழை விகிதம் என்ன என்று பதில் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் வரவில்லை. ஆனால் மக்கள் மனசில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. நிபுணர் உண்டு, சாட்சி இல்லை. கருத்து உண்டு, கேள்வி இல்லை. பெங்களூர் நார்கோ பரிசோதனைகளின் முகமாக விளங்கிய அதிகாரி ஒருவரைச் சான்றிதழ் முறைகேட்டுக் குற்றச்சாட்டில் 2009ல் மாநில அரசு பணிநீக்கம் செய்தது. குற்றச்சாட்டின் தராதரம் ஒரு பக்கம் இருக்கட்டும். 'உங்கள் படிப்பு என்ன?' என்பது எந்த நிபுணரிடமும் கூண்டில் கேட்கப்படுகிற முதல் கேள்வி. கூண்டே இல்லாத இடத்தில் அதை யார் கேட்பது?

ஸ்ரீபெரும்புதூரின் துணுக்குகளைச் சேர்த்துக் கட்டிய அதே சந்திரசேகரன், நார்கோ பரிசோதனையைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். விஞ்ஞானம் என்ற போர்வைக்குள் நடக்கும் மூன்றாம் தர விசாரணை என்பது அவர் கட்சி. தன் துறையின் பெயரில் நடப்பதைத் துறைக்குள்ளிருந்தே ஒருவர் தவறு என்று சொன்னார். நிபுணர் என்பவருக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டாம்.

ஊசியோடு கூடவே மூளை வரைபடமும் வந்தது. தலையில் கம்பிகளைப் பொருத்தி, குற்றச் சம்பவத்தை வாக்கியம் வாக்கியமாகக் காதில் ஓதினால், செய்தவனின் மூளை மட்டும் 'அனுபவ ஞாபகத்தை' மின்னலையாக வெளியிடும் என்றார்கள். அந்த முறையை உருவாக்கியவர் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்த சி.ஆர். முகுந்தன். 2008 ஜூனில் புனே கோர்ட் ஒன்று ஓர் இளம் பெண்ணைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தபோது அந்த மூளை வரைபடத்தையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. உலகம் முழுவதும் நரம்பியல் விஞ்ஞானிகள் புருவத்தை உயர்த்தினார்கள். அதே வருஷம் நிம்ஹான்ஸ் இயக்குநர் நாகராஜா தலைமையிலான நிபுணர் குழு, இந்த முறைக்கு விஞ்ஞான அடிப்படை போதாது, கோர்ட்டில் ஆதாரமாகப் பயன்படுத்தக்கூடாது என்று அறிக்கை கொடுத்தது. முறையும் பெங்களூர் நிறுவனத்தின் வாசலிலிருந்து வந்தது. மறுப்பும் அங்கிருந்தே வந்தது.

கடைசியில் பெங்களூரிலிருந்தே ஒரு வழக்கு இதை முடித்தது. கோரமங்களா போலீஸ் நிலையத்து வழக்கு ஒன்றில் தங்கள் சம்மதமில்லாமல் இந்தச் சோதனைகளைச் செய்யக்கூடாது என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2004ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. உச்ச நீதிமன்றம் போனார்கள். பல மாநிலங்களின் வழக்குகள் அதோடு சேர்ந்துகொண்டன. 2010 மே 5ஆம் தேதி தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் பெஞ்ச் தீர்ப்பளித்தது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ, பொய் கண்டறியும் கருவி, மூளை வரைபடம் எதையும் செய்யக்கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற அரசியல் சட்ட உரிமை, மயக்கத்தில் இருப்பவனுக்கும் உண்டு. சட்டப் புத்தகங்களில் அந்தத் தீர்ப்பின் பெயர் 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்'. அமைச்சரோ தொழிலதிபரோ அல்லாத ஒரு பெண்ணின் தமிழ்ப் பெயர், இந்தியக் குடிமகன் ஒவ்வொருவனின் மண்டைக்கும் வெளியே காவலுக்கு நிற்கிறது.

அப்படியானால் டி.என்.ஏ. போன்ற உறுதியான விஞ்ஞானத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கும் ஒரு பதில் சொன்னது. டெல்லி சாவ்லா பகுதியில் 2012ல் பத்தொன்பது வயதுப் பெண் கடத்தப்பட்டு, பாலியல் கொடுமைக்குப் பின் கொல்லப்பட்ட வழக்கு. கீழ்க் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் மூன்று பேருக்குத் தூக்கு விதித்திருந்தன. உச்ச நீதிமன்றம் மூன்று பேரையும் விடுதலை செய்தது. டி.என்.ஏ. அறிக்கை வந்தது, ஆனால் அந்த முடிவு எந்த அடிப்படையில் வந்தது, முறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதா என்பதைக் கீழ்க் கோர்ட்டுகள் ஆராயவே இல்லை என்றது. முக்கியமான சாட்சிகள் பலரிடம் குறுக்கு விசாரணையே நடக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. பெண்ணின் பெற்றோர் கோர்ட்டுக்கு வெளியே அழுதார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. உண்மையான குற்றவாளி யார் என்பதற்குப் பத்து வருஷம் கழித்தும் பதில் கிடைக்கவில்லை. நிபுணரைச் சரியாகக் கேள்வி கேட்காமல் விட்டதில் தோற்றது குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் அல்ல. செத்துப்போன பெண்ணும்தான்.

இதற்குச் சட்டமே ஓர் வசதி செய்து கொடுத்திருக்கிறது. அரசு ஆய்வகத்தின் குறிப்பிட்ட அதிகாரிகள் எழுதிய அறிக்கையை, எழுதியவரைக் கூப்பிடாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 293ஆவது பிரிவு. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. காரணம் நியாயமானதுதான். ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் படியேறினால் ஆய்வகத்தில் வேலை யார் பார்ப்பது? வேண்டுமானால் நீதிபதி சம்மன் அனுப்பி வரவழைக்கலாம். ஆனால் வேண்டும் என்று கேட்க ஒருவர் வேண்டும். கைநிறைய ஃபீஸ் கொடுக்கிற கட்சிக்காரரின் வக்கீல் கேட்பார். சட்ட உதவியில் வந்த வக்கீல் அந்த நாளின் எட்டாவது வழக்கில் கேட்பாரா? முத்திரை குத்திய மூன்று பக்கம், கேள்வி கேட்க முடியாத சாட்சியாகக் கோப்பில் உட்கார்ந்துகொள்கிறது.

2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டம், ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வரவேண்டும் என்கிறது. அதை அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். நல்ல சட்டம். அடித்து வாங்கிய வாக்குமூலத்தைவிட ஒரு துளி ரத்தம் எவ்வளவோ மேல். ஆனால் நிபுணர்கள் பெருகுவதற்கு ஏற்றாற்போல், அவர்களிடம் கேள்வி கேட்கத் தெரிந்த வக்கீல்களும், பதிலை எடைபோடத் தெரிந்த நீதிபதிகளும், அந்த எடை குறையாமல் மொழிபெயர்க்கத் தெரிந்தவர்களும் பெருக வேண்டும். இல்லையென்றால் லத்தி இருந்த இடத்தில் வெள்ளைக் கோட் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தமிழில் நிபுணர் சாட்சியால் விளைந்த மிகப் பழைய விபரீதம் மதுரையில் நடந்தது. சிலம்பைப் பார்த்து இது அரசியுடையது என்று சொன்னவன் பொற்கொல்லன். நகைத் தொழிலில் அவனுக்கு மேல் ஆளில்லை. அரசன் அவன் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டான். அந்தச் சிலம்பைத் திருடியவனே அந்த நிபுணன்தான் என்பதைக் கண்டுபிடிக்கக் குறுக்கு விசாரணை எதுவும் இல்லை. கோவலன் செத்தான். அதற்குப் பிறகு வந்த கண்ணகி கேட்டது ஒரே கேள்வி, சிலம்புக்குள் என்ன இருக்கிறது? உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து, இதில் மாணிக்கம். பொருள் பேசியது. ஆனால் காலம் கடந்து பேசியது. அந்தக் கேள்வியை ஒரு நாள் முன்னால் யாராவது கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது.

ரிச்மண்ட் ரோட்டு எலும்புகள் பேசியதும், மடிவாளாவின் ஊசி பேச வைத்ததும் ஒரே நகரத்தில்தான். இரண்டின் பெயரும் தடய விஞ்ஞானம்தான். எலும்பைப் பற்றிப் பேசிய நிபுணர்கள் கூண்டில் நின்றார்கள். அவர்களைக் கேள்வி கேட்டார்கள். பதினான்கு வருஷத்தில் மூன்று நீதிமன்றங்கள் அந்தப் பதில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. ஊசியைப் பிடித்தவர்களைக் கேட்பதற்குச் செல்வி என்ற பெண் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

இன்றைக்கும் ஏதோ ஒரு கோர்ட்டில் ஒரு டாக்டர் கூண்டில் நிற்பார். 'இருக்கலாம்' என்பார். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்ல வாயெடுப்பார். குற்றம் சாட்டப்பட்டவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.